மூன்று நிமிடம் நாற்பது

ஏழு நாள் சுரங்கம், ஏழு நாள் வீடு.
செம்புப் பாறை சுமக்கும் லாரியை விட்டிறங்கி
அன்டோஃபகாஸ்டாவுக்கு வந்து சேர்ந்த பிறகும்
காதுக்குள் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்.

ஃபிரிட்ஜின் மேல் அந்த நோட்டு.
யஸ்னாவின் கையெழுத்து, மளிகைக் கணக்குப் போல:
செவ்வாய். காலை ஆறு பத்து. ஒன்றரை நிமிடம்.
இடது கை முதலில். பிறகு தூங்கினாள்.
வியாழன். பல் தேய்க்கும்போது. இரண்டு நிமிடம்.
குழாயை மூட மறந்துவிட்டேன்.
சனி. ஒன்றுமில்லை.
அந்த ஒன்றுமில்லைக்குக் கீழே மட்டும் இரண்டு கோடு.

ஓராண்டாக நான் அதன் வாசகன், அவ்வளவுதான்.
நான் வீட்டிலிருக்கும் நாட்களில்
மைத்தேவுக்கு ஒருமுறைகூட வந்ததில்லை.
வலிப்புக்கும் என் ஷிஃப்ட் தெரியும் போல.
"பிள்ளை தேறிவிட்டாள்" என்று
சுரங்கத்திலிருந்து போனில் சொன்னேன்.
யஸ்னா பதில் சொல்லவில்லை.
கெட்டில் கொதிக்கும் சத்தம் மட்டும் வந்தது.

தங்கையின் பிரசவத்துக்குக் கலாமா கிளம்பும் முன்
சமையலறைத் தரையில் அவளே படுத்துக்கொண்டாள்.
"நான்தான் மைத்தே. புரட்டு."
புரட்டினேன்.
"சிமென்ட் மூட்டையா நான்?
தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடி. ஒருக்களித்து.
வாய் தரைப் பக்கம் சாயட்டும், எச்சில் வெளியே போகட்டும்.
தலைக்கு உன் ஸ்வெட்டர். கழுத்துப் பொத்தான்.
இப்போது என்ன செய்வாய்?"
"இறுக்கிப் பிடிப்பேன்."
"பிடிக்காதே. கடிகாரத்தைப் பார்."
சிரித்தோம்.
பாடம் முடிந்தும் அவள் எழவில்லை.
கண்ணை மூடி அப்படியே கிடந்தாள்,
யாரோ தன்னையும் ஒருமுறை
ஒருக்களித்துப் படுக்கவைத்துவிட்டது போல.

மூன்றாம் நாள் மாலை.
கடல்மூட்டம் ஜன்னலில் ஈரத்துணியாய் ஒட்டியிருந்தது.
மைத்தே ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.
பாதி வார்த்தையில் நின்றாள்.
இடது கை.
நாற்காலி சரிவதற்குள் தாங்கி இறக்கினேன்,
விரலிடுக்கிலிருந்து கத்தியை எடுத்தேன்,
மேசைக்காலைத் தள்ளினேன்.
ஏழு மணி ஐந்து.

நாற்காலிச் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு எர்சிலியோ
மரக்கரண்டியோடு ஓடிவந்தார்.
"பல்லுக்கு நடுவே வை! நாக்கு போய்விடும்!"
"வாயில் எதுவும் வேண்டாம்."
"கையையாவது அழுத்திப் பிடி!"
"தரை நடுங்கும்போது
சுவரையா பிடித்து நிறுத்துவோம், எர்சிலியோ?"

இந்த ஊரில் எல்லோருக்கும் புரிகிற கேள்வி.
கரண்டியைச் சட்டைப்பைக்குள் செருகிக்கொண்டு
அவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.
கடிகாரத்தை உரக்க வாசித்தார்:
"இரண்டு."

வாசலில் நிலநடுக்கப் பை தொங்கும்,
தண்ணீர், டார்ச், பிஸ்கட் எல்லாம் அதில்.
அதே பையில் அந்த மருந்தும்,
கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே விடுவது.
ஐந்து நிமிடம் தொட்டால் கொடு,
கொடுத்ததும் ஆம்புலன்ஸைக் கூப்பிடு
என்று டாக்டர் எழுதிய தாள் அதில் சுற்றியிருந்தது.
"பையை எடுங்கள்."
"மூன்று."
அவள் உதடு நீலம் பூத்தது.
முப்பது டன் பாறைச்சரிவின் முன்பும்
இவ்வளவு நீளமாக நான் நின்றதில்லை.
"மைத்தே, அப்பா இங்கேதான்" என்றேன்.
கேட்டதோ என்னவோ.
"மூன்று இருப..."
"மூன்று நாற்பது."
நின்றது.
எச்சில் என் ஸ்வெட்டரில் வழிந்தது.
ஒரு பெருமூச்சு, குறட்டை மாதிரி.
நிறம் திரும்பியது, மெதுவாக, காதிலிருந்து.

நோட்டில் எழுதினேன்.
வெள்ளி. ஏழு ஐந்து. மூன்று நிமிடம் நாற்பது.
இடது கை. கத்தியை எடுத்துவிட்டேன்.
என் கை நடுங்கியதை எழுத அதில் கட்டம் இல்லை.

யஸ்னாவை அழைத்தேன்.
"எவ்வளவு நேரம்?" என்றாள். சொன்னேன்.
"இப்போது?" "தூங்குகிறாள், பக்கத்தில்தான் இருக்கிறேன்."
சற்றுப் பொறுத்து,
"நீ?" என்றாள்.

ஓராண்டில் ஒருமுறைகூட
நான் அவளிடம் கேட்டிராத கேள்வி.

ஒன்பது மணிக்கு மைத்தே விழித்தாள்.
என்னைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள்,
பிறகு மேசையைப் பார்த்தாள்.
"என் ரொட்டியை யார் தின்றது?"
எர்சிலியோ
கரண்டியைத் தேடுவது போலத்
தன் பையைத் தடவிக்கொண்டிருந்தார்.